102-க்கு நாலு கொறையுது

9 ஜனவரி 2025, வியாழன்

தோட்டத்து லயத்து வீட்ட விட்டு புது வீட்டுக்குப் போவணும், அப்பா இன்னிக்கும் பெட்டி கட்ட விடல. பிப்ரவரி கடைசின்னா இன்னும் நாள் இருக்குல்ல, எதுக்கு இப்பவே வீட்ட கலைக்கறேங்குறாரு.

போக்கிமான் கார்டுல மொத மொத வந்த பேஸ் செட்டு, 102 கார்டு, எனக்கு இல்லாத நம்பர் நாலு: 4, 16, 48, 83.

12 ஜனவரி, ஞாயிறு

பரண் மேலேருந்து மைலோ டின் கெடச்சிருச்சி. பெரிய டின், மூடி துரு புடிச்சி தேங்கா துருவல் கரண்டி வச்சி நெம்பித்தான் தெறந்தேன். உள்ள நானும் அண்ணனும் சின்னதுல சேத்த கார்டு எல்லாம் ஒன்னா கெடக்கு, எது என்னுது எது அவனுதுன்னு இப்ப தெரியாது. அப்ப கட்டுக்கட்டா கித்தா (ரப்பர்) பேண்டு போட்டு வச்சோம், அது உருகி ஓரத்துல ஒட்டி காஞ்சி போயிருக்கு, பிச்சா கார்டோட வருது, ஒவ்வொன்னுலயும் நடு எடத்துல ஒரு பள்ளம். அப்பா பாத்துட்டு சிரிச்சாரு. முப்பது வருசம் ரப்பர் பால் வெட்டுனதுக்கு என் புள்ளைங்களுக்கு கெடச்ச லாபம்ன்னாரு.

எண்ணிப் பாத்தேன், 143. அதுல பாதி போலி. எல்லாம் 2000-ல பாசார் மாலாம்ல, ராத்திரி சந்தையில, அஞ்சு காசு பத்து காசுக்கு வாங்குனது, அப்ப நமக்கு என்ன தெரியும், படம் இருந்தா போதும். உண்மையானது வேணும்னா ஈப்போ போவணும், ஒரு பாக்கெட்ல 11 கார்டு, அந்த காசுக்கு அப்பா ஒரு நாள் காட்டுல நிக்கணும். வருசத்துக்கு ரெண்டு பாக்கெட், தீவாளிக்கு ஒன்னு, பரீட்சைக்கு ஒன்னு. அவன் எப்பவும் நல்லா படிச்சான்.

ராத்திரி டார்ச் வச்சி ஒன்னொன்னா பாத்தேன். உண்மையான கார்டு ரெண்டு தாள ஒட்டுன மாரி, நடுவுல கருப்பா மெல்லிசா ஒன்னு ஓடும், அதனால வெளிச்சம் அந்தப் பக்கம் சரியா வராது. போலி கார்டுன்னா பின்னாடி புடிச்ச டார்ச்சு முன்னாடி வெளக்கு மாரி எரியும். பின் பக்கத்து நீலமும் கொஞ்சம் ஊதாவா இருக்கும், எழுத்து தடிப்பா இருக்கும். நான் எட்டு கார்டு பாக்கறதுக்குள்ள அப்பா பக்கத்துல வந்து ஒக்காந்து கட்டவிரலயும் ஆள்காட்டி விரலயும் வச்சி தேச்சி தேச்சி ரெண்டு கட்டா பிரிக்க ஆரம்பிச்சிட்டாரு. இது பால். இது தண்ணி. இது பால். இதுவும் தண்ணி. டார்ச் அடிச்சி சரி பாத்தேன், ஒன்னு கூட தப்பு இல்ல. அப்பல்லாம் சில பேரு வாளில தண்ணி ஊத்தி எடை ஏத்திக் கொண்டாருவாங்களாம், ஸ்டோர்ல கிராணி (கணக்கரு) பாலோட கெட்டிய அளக்கற மெட்ரோலாக்க மெதக்க விட்டு புடிச்சிருவாராம், ஆனா மெட்ரோலாக் எறங்கறதுக்கு முன்னாடியே வெரல விட்டு பாத்து சொல்லிருவேன்னாரு. நெசமோ பொய்யோ. பட்டைய எவ்ளோ மெல்லிசா சீவணும்னு கையிலேயே அளவு வச்சிருந்த மனுசன், அட்டை எம்மாத்திரம்.

டின்லேருந்து தேறுனது 61. நான் ரெண்டு வருசமா காசு குடுத்து சேத்ததோட சேத்தா, ஒரே கார்டு ரெண்டு மூனு இருக்கறத கழிச்சிட்டு, 98. பழைய 98 தான், டின்னு கெடச்சும் புது நம்பர் ஒன்னு கூட வரல.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். லயத்துல மொத்தமே ஆறு அடுப்பு. போன வருசம் பத்தொம்போது.

17 ஜனவரி, வெள்ளி

லீவ் போட்டுட்டு ஈப்போ போனது தப்பு. இன்னிக்கு போக்கிமான் புது செட்டு பிரிஸ்மாடிக் எவலூஷன்ஸ் ரிலீஸ், ஈவியோட எட்டு வடிவமும் இருக்குன்னு ஒலகமே அடிச்சிக்கிது, கடை தெறக்கறதுக்கு முன்னாடியே வரிசை படிக்கட்டு வரைக்கும். முக்காவாசி பேரு விக்கத்தான் வாங்கறான், காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு போன்ல வெல பாத்துட்டே நிக்கறான். எனக்கு முன்னாடி ஒரு பையன், ஸ்கூல் யூனிபோர்ம், அவனோட அம்மா வெள்ளிய (மலேசிய ரிங்கிட்ட) எண்ணி எண்ணி கையில வச்சிருக்காங்க. அவங்க முறை வரும்போது பெட்டி முடிஞ்சிருச்சி. தனி பாக்கெட் மட்டும் ஆளுக்கு ரெண்டு.

எனக்கு அந்த செட்டே வேணாம். மெயின் செட்டு 131, மேல ரகசியமா இன்னும் 49 சேத்து 180, அந்த 131/131-க்கு அப்புறம் வர்ற நம்பர்தான் எல்லாரும் தேடறது, அம்ப்ரியான் 161. எதுக்கு 131-ன்னு அடிச்சிட்டு 161 போடுறான்? எங்க காலத்துல 102-ன்னா 102. 1999-ல பேஸ் செட் 102, ஜங்கல் 64, ஃபாஸில் 62, கணக்கு சுத்தமா இருந்துச்சி.

இத எழுதறவன் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டுதான் வந்தான். பஸ்ல பிச்சேன். ஒன்னுமில்ல.

நாலு நம்பர் லாட்டரி எடுக்கறதும் இதுவும் ஒன்னுதான். எங்க தாத்தா கனவுல பாம்பு வந்தா ஒரு நம்பர், செத்தவங்க வந்தா ஒரு நம்பர்னு எழுதி வச்சே வீட்ட அழிச்சாரு, நான் பாக்கெட்ட கையில தூக்கி எடை பாத்து வாங்கறேன். தனிக் கார்டா வாங்கறதுதான் புத்தி. தெரியும்.

18 ஜனவரி

அண்ணனுக்கு போன் அடிச்சேன். எடுக்கல.

19 ஜனவரி, ஞாயிறு

ஜொகூர்ல ஒருத்தன்கிட்ட 16, 48, 83 மூனும் இருக்கு. 16 ஜாப்டாஸ், மினுங்குற கார்டு, அதுக்குத்தான் வெல. 48 டோடுவோ, சும்மா ரெண்டு தல கோழி, மூனு வெள்ளி. 83 மெயின்டெனன்ஸ், அதுவும் அஞ்சு வெள்ளிதான், ஆனா அந்த பேர பாத்தவொடனே எரிச்சல் வந்துச்சி, ஏன்னா காலையிலதான் புது வீட்டு ஆபீஸ்ல மாசா மாசம் மெயின்டெனன்ஸ் எவ்ளோன்னு பேப்பர் குடுத்தாங்க. லயத்துல ஓடு ஒடஞ்சா ஏறி மாத்துனது அப்பா. தண்ணி குழாய் வெடிச்சா கட்டுனது அப்பா. இப்ப அஞ்சாவது மாடி, யாரோ வெளக்கு மாத்துறதுக்கு மாசம் காசு. அப்பா பேப்பர படிச்சிட்டு மடிச்சி சட்ட பாக்கெட்ல வச்சாரு, ஒன்னும் பேசல, சாயங்காலம் வரைக்கும் அந்த பாக்கெட்டயே தொட்டு தொட்டு பாத்துக்கிட்டிருந்தாரு.

நாலாம் நம்பர் வாங்கறதா இல்ல. சாரிஸார்ட், அடிபட்டு மூல மடங்கி தோலு உரிஞ்சதே ஆயிரத்துக்கு மேல கேக்கறான், அந்த காசுல புது வீட்டுக்கு வாஷிங் மெஷின் வரும். அப்ப 101-ஓட நிக்கும். 101 இருந்தா அது செட்டா? ஒருத்தன் சொல்றான், நாலு இல்லாட்டி அது செட்டு இல்ல, மீதி கார்டு. இன்னொருத்தன் சொல்றான், நாலாம் நம்பர் வெலயே தனி, அதனால அத கணக்குலயே சேக்காதன்னு. ரெண்டும் பேச்சா? நாலு பேரு இருந்த வீட்டுல மூனு பேரு இருந்தா வீடு இல்லன்னு சொல்லுவியா. இப்ப ரெண்டு பேரு.

வாங்கிட்டேன், மூனும். காசு போட்டாச்சி. அட்ரஸ் இந்த தோட்டத்து அட்ரஸ்தான் குடுத்தேன், தவ்கே (சீனக் கடைக்காரரு) கடைக்கு வரும், புது வீட்டு நம்பர் இன்னும் எனக்கே மனசுல நிக்கல.

23 ஜனவரி, வியாழன்

ஜொகூர்க்காரன் அனுப்பிட்டேங்குறான். டிராக்கிங் நம்பர் குடுத்தான். அடிச்சா தகவல் இல்லங்குது. நைட் ஷிப்ட்ல ஒவ்வொரு பிரேக்குக்கும் அடிச்சேன்.

26 ஜனவரி

பார்சல் கோலாலம்பூர்ல நிக்குது. அப்பா பூஜ சாமான மட்டும் கட்டிட்டாரு. அம்மா அலமாரிய தொடாதேங்குறாரு.

29 ஜனவரி, புதன்

சீனப் பெருநாள். தவ்கே கடை சாத்தியாச்சி, எப்ப தெறப்பாருன்னு கேட்டா அவரு மகனுக்கே தெரியல. வெடி சத்தத்துல நாய் ரெண்டும் கட்டிலுக்கு அடியில. பார்சல் இன்னும் கோலாலம்பூர்லயேதான்.

அண்ணன் சிங்கப்பூர்ல இருக்கான், ஜொகூர்லேருந்து எவ்ளோ தூரம், பாலத்த தாண்டுனா முடிஞ்சிருச்சி. கார்டு வந்து சேந்துரும் போல, அவன் வரமாட்டான்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்கா மகன் ஒரு மச்சாம்ப் கார்டு தூக்கிட்டு வந்தான். அங்கிள் இதுல ஃபர்ஸ்ட் எடிஷன் முத்திரை இருக்கு, நாம பணக்காரங்களான்னு கேட்டான். அந்த கார்டு பாக்கெட்ல வராது, ரெண்டு பேரு ஆடற ஸ்டார்டர் செட்லதான் வரும், அதுல வந்த மச்சாம்ப் அநேகமா எல்லாத்துலயும் அந்த முத்திரை இருக்கும்னு எப்டி சொல்றது. பத்தரமா வையிடான்னு சொல்லிட்டேன். அவங்க 20-ஆம் தேதி போறாங்க.

6 பிப்ரவரி, வியாழன்

தவ்கே போன் அடிச்சாரு. மழ கொட்டுது, மோட்டர்ல போயி சட்டைக்குள்ள வச்சி கொண்டாந்தேன். அட்டை நடுவுல டேப் சுத்தி நல்லாத்தான் கட்டியிருந்தான். டோடுவோ அழகு, ஓரம் கூட வெள்ள விழல. மெயின்டெனன்ஸ் ஓகே.

ஜாப்டாஸ எடுத்து அப்பாகிட்ட நீட்டுனேன், சும்மா வெளையாட்டுக்குத்தான். வெரல வச்சாரு. தண்ணின்னாரு.

இல்லப்பா நல்லா பாருங்க, மினுங்குதுல்லன்னேன். மினுங்கட்டுமேன்னாரு. டார்ச் அடிச்சேன், மஞ்ச வெளிச்சம் ரெக்கை வழியா வந்து என் சட்டையில விழுந்துச்சி.

ஜாப்டாஸ் ஒன்னுக்கு குடுத்தது நூத்தி இருவது வெள்ளி. மத்த ரெண்டும் அசல், அதுலதான் அவன் கெட்டிக்காரத்தனம், எட்டு வெள்ளிக்கு நம்ப வச்சிட்டான். மெசேஜ் போட்டேன், படிச்சிட்டான், பதில் இல்ல. திரும்ப போட்டேன், இப்ப என் நம்பரே போவல. வாங்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்ச படம் கேட்டிருக்கணும். எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக்குடுப்பேன், முன்னாடி கேளு, பின்னாடி கேளு, வெளிச்சத்துல கேளுன்னு. நான் கேக்கல. ஏன் கேக்கல? லோரி வர்றதுக்குள்ள எல்லாம் முடியணும்னு ஒரு அவசரம். புது வீட்டுக்கு கொறையோட போவக்கூடாதுன்னு ஒரு கிறுக்கு. அம்மா சொல்லுவாங்க, அவசரத்துக்கு அண்டாவுலயும் கை போவாதுன்னு.

அப்பா ரொம்ப நேரம் கழிச்சி, போலீஸ்ல சொல்லலாமான்னு கேட்டாரு. அப்புறம் அவரே, கோழி படத்துக்கான்னாரு. பறவப்பா அதுன்னேன். சிரிச்சிட்டோம், ரெண்டு பேரும்.

100.

9 பிப்ரவரி, ஞாயிறு

அம்மா அலமாரிய இன்னிக்கு அப்பாவே தெறந்தாரு. சேலைய எல்லாம் எடுத்து கட்டில்ல அடுக்குனாரு, நான் தட்டுல விரிச்சிருந்த பேப்பர உருவுனேன். பழைய தமிழ் பேப்பர், 2000 ஜூன் மாசம், கறையான் ஒரு பக்கம் தின்னுருக்கு. அதுக்கு அடியில, நடுத் தட்டுல, பிளாஸ்டிக் உறையில.

நாலு.

கை நடுங்குது, அதனால கோணக்கோணையா எழுதறேன். இந்த கார்டு காணாம போன அன்னிக்கு நடந்தது எனக்கு நல்லா தெரியும், நான் அண்ணன் வாயில குத்துனேன், அவன் என்ன குளிக்கற தொட்டிக்குள்ள தள்ளுனான், நீதான் எடுத்த, நீதான் வித்த, நான் இல்லடா, நீதான்டான்னு ரெண்டு வாரம். அம்மா அடுப்படிலேருந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு வார்த்த சொல்லல. கொஞ்ச நாள் போவட்டும்னு நெனச்சிருப்பாங்க, அப்புறம் மறந்திருப்பாங்க, அப்டித்தான் இருக்கணும். அம்மா அப்டி வச்சிக்கிட்டே இருக்கறவங்க இல்ல. அவன் எடுத்தான்னே நான் இருவத்தஞ்சு வருசமா வச்சிருந்தேன். அவன் கல்யாணத்துல கூட மைக்க புடிச்சிக்கிட்டு சொன்னேன், சிரிச்சாங்க எல்லாரும், அவன் சிரிக்கல.

அப்பாகிட்ட குடுத்தேன். உறைய கழட்டி வெரல வச்சாரு. தேச்சாரு. மத்ததுக்கெல்லாம் ஒரு நொடிதான், இதுக்கு ரொம்ப நேரம். மறுபடியும் உறைக்குள்ள போட்டு, உங்கண்ணன்கிட்ட குடுன்னாரு.

பாலா தண்ணியாப்பா?

குடுடா முதல்ல.

டார்ச் பக்கத்துலதான் இருக்கு. அடிக்கல. பாலா இருந்துட்டா குடுக்க மனசு வராது, என்ன எனக்கு தெரியும்.

10 பிப்ரவரி

படம் எடுத்து அனுப்பிட்டேன். அலமாரி தட்டு, பேப்பரு, கார்டு, மூனும் தெரியற மாரி. கீழ ஒன்னும் எழுதல. அப்புறம் 'அம்மா அலமாரிண்ணே'ன்னு மட்டும் போட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு போனோம், அப்பாவால உள்ள வர முடியல, வெளியேயே நின்னு கும்புட்டாரு. ஒரே கூட்டம், போன் லைன் கெடைக்கல. வெளிய வந்தவொடனே பாத்தேன். பாத்துட்டான். அவ்ளோதான்.

12 பிப்ரவரி

லோரிக்காரன் 22-ன்னவன் இப்ப 15-ங்குறான், அதுக்கப்புறம்னா மார்ச்தானாம். அப்பா சரின்னுட்டாரு, என்ன கேக்கல.

13 பிப்ரவரி, வியாழன்

அலமாரி புது வீட்டு லிப்ட்டுக்குள்ள போவாதாம், அளந்து பாத்துட்டு வந்தாரு அப்பா, கயிறு போட்டு அளந்து கயித்துல முடிச்சு போட்டு கொண்டாந்திருக்காரு. ரெண்டு முடிச்சு அதிகம். கதவ கழட்டலாம்னேன். கழட்டுனா மறுபடி சேராதுன்னாரு.

ஃபோல்டர்ல நாலாம் பாக்கெட் காலியாத்தான் இருக்கு. பதினாறும். கார்டு என் சட்ட பாக்கெட்ல, அப்பா மாரியே நானும் தொட்டு தொட்டு பாத்துக்கிட்டு.

சிங்கப்பூர் நம்பர்லேருந்து மிஸ்ட் கால் ரெண்டு. பக்டரி லாக்கர்ல போன வச்சிட்டேன். இப்ப மணி பதினொன்னே கால், இந்நேரம் அடிச்சா எடுப்பானான்னு