டாக்டர் தைத்த பந்து

பேஸ்பால் வரலாறு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டாக்டர் ஆடம்ஸ்தான். 1845 செப்டம்பரில் நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் என்ற பேஸ்பால் கிளப் தொடங்கியது. அதில் ஆடியவர்தான் அவர். எல்லாரும் வேலை முடிந்து ஆட வந்தவர்கள். காசுக்கு ஆடியவர் யாருமில்லை. நகருக்குள் இடம் கிடைக்காமல், ஆற்றைக் கடந்து ஹோபோக்கனுக்குப் போய் ஆடினார்கள்.

பந்து செய்துதர ஆளே கிடைக்கவில்லை. ரப்பர் துண்டுகளைச் சேர்த்து, நூலை இறுக்கிச் சுற்றி, மேலே தோல் வைத்துத் தன் கையாலேயே பந்து செய்தார் ஆடம்ஸ். தன் கிளப்புக்கு மட்டுமல்ல, மற்ற கிளப்புகளுக்கும் சேர்த்து, ஆறேழு வருடம்! பந்து எடை குறைவு, எறிந்தால் தூரம் போகாது. நடுவில் நின்று வாங்கி எறிய ஒருவர் வேண்டும். ஷார்ட்ஸ்டாப் என்ற இடம் அப்படித்தான் வந்தது. அங்கே நின்றவரும் அவரே.

ஆட்ட விதிகளை முடிவு செய்ய 1857இல் கிளப்புகள் கூடிய மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஓடித் தொடும் தளங்களுக்கு (பேஸ்) இடையே 90 அடி எல்லாம் அங்கே முடிவானவை.

அதே கிளப்பின் கார்ட்ரைட்டுக்கு 1938லேயே பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்துவிட்டார்கள். ஆடம்ஸுக்கு 2015 வாக்கெடுப்பில் இரண்டே வாக்கு குறைந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.