விறகுக்கட்டுச் செல்கள்

ஜூலை 5
தம்பிக்கு வந்தது டெங்கு இல்லை. பத்து நாளாக ஈறில் ரத்தம், தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் கன்றல். தறியில் இடித்துக்கொண்டிருப்பான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நகரி ஊரில் பார்த்த டாக்டர் தட்டணுக்கள் குறைந்ததை வைத்து டெங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் பார்த்திருக்கலாமே என்ற ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

வேலூரில் இன்றே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய். நான் உயிரியல் டீச்சர் என்றதும் டாக்டர் நுண்ணோக்கியில் பார்க்க விட்டார். முற்றாத வெள்ளணுக்கள். சிலவற்றுக்குள் மெல்லிய குச்சிகள், விறகுக்கட்டைப் போலக் குவிந்து கிடந்தன. ஆவர் குச்சிகள், லுகேமியா செல்லின் அடையாளம் என்றார். மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் ராத்திரியே மாத்திரை தொடங்கிவிட்டது. இந்த நோயில் முதல் நாட்களின் ரத்தக்கசிவுதான் ஆளைக் கொண்டுபோகுமாம்.

ஜூலை 8
முடிவு வந்தது. 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொண்டதில் பிஎம்எல்-ராரா என்ற ஒட்டுப் புரதம் உண்டாகியிருக்கிறது. அது செல்லை முற்றவிடாமல் பிடித்து வைக்கிறது.

மருந்தின் பெயர் ஆட்ரா. வைட்டமின் ஏ வழி வந்த அமிலம். காலையில் நாலு, இரவில் மூன்று, சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும். கூடவே ஆர்சனிக் டிரை ஆக்சைடு நரம்பில் ஏறுகிறது. பாஷாணமா என்று அம்மா அழுதுவிட்டாள். டாக்டர் தெலுங்கும் தமிழுமாக அரை மணி நேரம் அவளுக்குச் சொன்னார். சீனாவில் தொடங்கிய வைத்தியம். நம் வேலூர் சி.எம்.சி.யிலேயே 1998 முதல் 2004 வரை 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டும் கொடுத்து, அதில் 62 பேருக்கு நோய் முழுதாகத் தணிந்ததை 2006-இல் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்த 62 போதும்.

ஜூலை 11
ராத்திரி முழுக்கப் படித்தேன். மற்றப் புற்றுநோய்களில் பெரும்பாலும் செல்லைக் கொல்லத்தான் பார்ப்பார்கள். இங்கே அதை வளர்த்து ஆளாக்குகிறார்கள். அந்த ஒட்டுப் புரதத்தின் பிடி விட்டால்தான் அது நடக்கும். அந்தப் புரதம் ஒழியும் வழிகளில் ஒன்று ஆட்டோஃபேஜி, செல் தன்னைத்தானே தின்பது. உள்ளே கெட்டுப்போனதைச் சுற்றி இரட்டைச் சவ்வு வளைந்து பை கட்டும், பை, செல்லின் செரிமான அறையான லைசோசோமோடு சேரும், உள்ளிருப்பது செரிக்கப்படும். பி62 என்ற புரதம் பிஎம்எல்-ராராவைப் பிடித்து அந்தப் பைக்குள் தள்ளுகிறது. ஆட்ரா கொடுத்தால் இந்த வேலை சூடுபிடிக்கும். ஆய்வகத்தில் இதைத் தடுத்தால் புரதம் தங்கிவிடுகிறது, செல்லும் சரியாக முற்றுவதில்லை.

ஜூலை 16
காய்ச்சல், மூச்சிரைப்பு, நாலு கிலோ எடை கூடிவிட்டது. செல்கள் கூட்டமாக முற்றும்போது வரும் சிக்கலாம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஏற்றினார்கள். இன்று வேறொன்றும் எழுத முடியவில்லை.

ஜூலை 18
மூச்சு சீராகிவிட்டது. உதடு தோல் தோலாக உரிகிறது, தேங்காய் எண்ணெய் தடவினேன். "அக்கா, பாவு பாதியில் நிக்குது, யாராவது ஓட்டுறாங்களா?" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

ஜூலை 23
பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பியிருக்கிறார். பட்டினி இருந்தால் ஆட்டோஃபேஜி வரும், புற்று கரையும், நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள் என்று. அம்மாவும் ஆடிக் கிருத்திகைக்குத் தம்பியையும் விரதம் இருக்கச் சொல்கிறாள்.

ஆட்டோஃபேஜி ஆய்வுக்காக ஜப்பானிய விஞ்ஞானி ஒசுமிக்கு 2016-இல் நோபல் கிடைத்தது நிஜம். அவர் பட்டினி போட்டுப் பார்த்தது ஈஸ்ட் செல்களை. என் தம்பியை இல்லை! ஆட்டோஃபேஜி எப்போதும் நம் பக்கம் நிற்பதும் இல்லை. லுகேமியா செல் கீமோவின் அடியைத் தாங்கிப் பிழைக்கவும் அதே வழியைப் பிடித்துக்கொள்வதுண்டு. அதனால்தான் மலேரியா மாத்திரையான குளோரோகுயின் வகையைக் கொண்டு லைசோசோமை முடக்கிப் பார்க்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஒரே வேலை, ஓரிடத்தில் மருந்துக்குத் துணை, இன்னோரிடத்தில் நோய்க்குத் துணை. எங்கே கூட்டுவது, எங்கே தடுப்பது என்று ஆய்வாளர்களே அலசிக்கொண்டிருக்கும்போது, பட்டினி போட்டு யார் அளந்து கொடுப்பது? இவனுக்கோ மருந்தே சாப்பாட்டோடு போக வேண்டும். பட்டினியில் பொட்டாசியம் குறைந்தால் ஆர்சனிக் இதயத் துடிப்பைக் கெடுக்கும். அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன்.

ஜூலை 29
ஆடிக் கிருத்திகை. திருத்தணிக்குக் காவடி போகும் கூட்டத்தைத் தாண்டி பஸ் வரவே மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா விரதம். தம்பி நாலு இட்லி தின்றுவிட்டு நாலு மாத்திரை போட்டுக்கொண்டானாம்.

டாக்டர் இன்றைய ஸ்லைடைக் காட்டினார். உட்கரு மூன்று நான்கு மடலாகப் பிரிந்த, முற்றிய வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜை பார்த்த பிறகுதான் உறுதியாகச் சொல்வாராம். ஸ்லைடை மெல்ல நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தி, "இதைப் பாருங்க டீச்சர்" என்றார். நன்றாக முற்றிய ஒரு செல். அதற்குள் ஒற்றைக் குச்சி, அன்றைக்கு விறகுக்கட்டில் பார்த்த அதே குச்சி.