பழைய விளையாட்டுகளுக்கு ஒரு புதிய பெட்டி

ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினிப் பலகையைக் கொண்டு, பழைய வீடியோ கேம்களுக்கான இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே அமைத்து முடித்திருக்கிறேன். பழைய விளையாட்டுகளை இயக்கும் ரெட்ரோபை மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றுவது எளிய வேலைதான்; மின்சாரத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய கைப்பேசி சார்ஜரை இணைத்திருந்தவரை விளையாட்டு அவ்வப்போது தடுமாறியது. 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் சார்ஜருக்கு மாறிய பிறகே சீரானது.

நான் அதிக நேரம் செலவிட்டது திரைக்காகத்தான். 1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற விளையாட்டு இயந்திரம், 256க்கு 240 புள்ளிகள் கொண்ட படத்தையே உருவாக்கியது. அக்காலத் தொலைக்காட்சி அதை 4:3 என்ற அகல-உயர விகிதத்தில் காட்டியது. அதையே இன்றைய 16:9 திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் வட்டங்கள் நீள்வட்டங்களாகிவிடும் என்பதால், இருபுறமும் கறுப்புப் பட்டைகளை விட்டுவைப்பதே அந்தக் கலைஞர்களின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன். தொலைக்காட்சியில் ‘கேம் மோட்’ அமைப்பை இயக்கியதும், பொத்தானை அழுத்துவதற்கும் பாத்திரம் குதிப்பதற்கும் இடையிலான தாமதம் நன்றாகவே குறைந்தது.

திசைக்கு ஒன்றாக நான்கு சுவிட்சுகள் கொண்ட ஜாய்ஸ்டிக்கைப் பொருத்தியிருக்கிறேன். நான் வைத்திருக்கும், விளையாட்டுகள் பதிந்த கேட்ரிட்ஜுகளிலிருந்து நானே எடுத்த பிரதிகள் மட்டுமே இப்பெட்டியில் உள்ளன.