மடித்து வெட்ட முடியாத ஜாக்கெட்

ஜாக்கெட் வெட்டும்போது துணியை இரண்டாக மடித்துப் போடுவதுதான் வழக்கம். ஒரு பக்கத்துக்குக் குறித்து வெட்டினால் மறுபக்கம் தானாக வந்துவிடும். மனுஷ உடம்பு இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் தொழிலே ஓடுகிறது. என் ஜாக்கெட்டை மட்டும் அப்படி வெட்ட முடியாது.

19 வயதில் கும்பகோணத்தில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். ஹெம்மிங் பண்ணுவது, கொக்கி கட்டுவது, டீ வாங்கி வருவது. அந்த வருஷ தீபாவளிக்கு மாஸ்டர் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவதாகச் சொன்னார். அளவெடுத்தது அவர் சம்சாரம். "ஏண்டி, நேரா நில்லு" என்றார் மூன்று தடவை. "நேராத்தான்க்கா நிக்கிறேன்" என்றேன் மூன்று தடவையும். அப்புறம் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: இடது தோள் முக்கால் இஞ்ச் இறக்கம். மாஸ்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இடது தோளில் உள்ளே ஒரு சின்னப் பட்டையை மடித்து வைத்துத் தைத்துச் சமன் பண்ணிவிட்டார். பள்ளிக்கூடத்தில் தாவணி போட்ட நாளிலிருந்து முந்தானை ஏன் என் தோளில் மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எக்ஸ்ரேவுக்குப் பதினைந்து வருஷம் முன்னாலேயே என் முதுகைக் கண்டுபிடித்தது ஒரு இஞ்ச் டேப்.

அந்தப் பதினைந்து வருஷத்தில் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், சொந்தக் கடை. வலி இருந்தது. எந்த டெய்லருக்குத்தான் முதுகு வலிக்காது? தைலம் தேய்த்துக்கொண்டு அடுத்த துணியை எடுப்போம். 34 வயதில் ஒரு நாள் கட்டிங் முடித்து எழுந்தபோது வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே யாரோ கத்தரியின் முனையை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. தஞ்சாவூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம்.

எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் மாட்டியதும் என் வீட்டுக்காரர் "இது இவளோடதுதானா சார்?" என்று கேட்டார். முதுகெலும்பு எஸ் மாதிரி ஓடியது. டாக்டர் ஒரு ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்தார். வளைவில் மேலே அதிகமாகச் சாய்ந்திருக்கிற எலும்பின் தலையில் ஒரு கோடு, கீழே அதிகமாகச் சாய்ந்திருக்கிற எலும்பின் அடியில் ஒரு கோடு, இரண்டுக்கும் செங்குத்தாக இன்னும் இரண்டு கோடுகள், அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் கோணமானி. வலியை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் நாங்கள் சாக்பீஸால் போடுகிற வேலைதான் அது. ஜான் காப் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் எழுதி வைத்த முறையாம், அவர் பெயரில்தான் காப் கோணம் என்கிறார்கள். 10 டிகிரிக்கு மேல் இருந்தால் ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருப்பது. எனக்கு 38.

பக்கவாட்டில் வளைவதோடு நிற்பதில்லை, எலும்பு முறுக்கிக்கொள்ளவும் செய்யும் என்றார். அதனால்தான் குனிந்தால் வலது விலாப்பக்கம் மேடாக எழும்புகிறது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நூல் ஓட்டம் பார்க்காமல் வெட்டிய பேன்ட், இரண்டு தடவை துவைத்ததும் பக்கத் தையல் முன்னால் சுற்றிக்கொண்டு வரும். என் முதுகும் அப்படி வந்திருக்கிறது.

"மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு உட்கார்ந்ததால வந்ததா சார்?" என்று கேட்டேன். இல்லை என்றார். வளரும் வயதிலேயே வந்திருக்கும், பத்தில் எட்டுப் பேருக்குக் காரணமே தெரியாது, கோணலாக உட்காருவதாலோ புத்தகப் பையாலோ வருவதில்லை. "தொழிலால வளைவு வரலம்மா. ஆனா வலி தொழிலால ஏறும்." அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கு வரை யாரும் நம்பவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "நிமிர்ந்து உட்காருக்கா, கூன் விழுந்துடும்" என்பார்கள். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பேன். என் நிமிர்வு அவ்வளவுதான்.

மருந்து, பெல்ட், எண்ணெய், யாரோ சொன்ன வைத்தியர் எல்லாம் ஒரு சுற்று வந்தது. எழுத அதில் ஒன்றும் இல்லை. வலி மாத்திரையைத் தினம் போடக்கூடாது, வயிற்றையும் கிட்னியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நடக்கச் சொன்னார், முதுகுத் தசைக்குப் பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் அனுப்பினார். அந்தப் பெண்தான் உருப்படியான ஒரு கேள்வி கேட்டாள்: "ஒரே இடத்துல எவ்வளவு நேரம்க்கா உட்காருவீங்க?"

எனக்குத் தெரியவில்லை. தைக்கும்போது கடிகாரம் கண்ணில் படாது. போனில் அலாரம் வைத்தேன், பாதித் தையலில் அடித்தால் அணைத்துவிட்டு ஓட்டினேன். பிறகுதான் பாபின் ஞாபகம் வந்தது, மெஷினுக்கு அடியில் நூல் சுற்றிப் போடுகிற சின்னச் சக்கரம். பாபினில் நூல் தீர்ந்தால் யாராக இருந்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அன்றிலிருந்து பாபினில் பாதிக்கு மேல் நூல் சுற்றுவதில்லை. நூல் தீர்ந்தால் எழுந்திருப்பேன். கடை வாசல் வரை போய்விட்டு வந்து, அயர்ன் இருந்தால் அயர்ன், கொக்கி இருந்தால் நின்றுகொண்டே கொக்கி. உதவிக்கு இருந்த பெண் முதலில் "என்னக்கா கஞ்சத்தனம், நூலைக்கூட அரைகுறையா சுத்துறீங்க" என்றாள்.

கட்டிங் மேஜைக்குக் கீழே நான்கு கால்களுக்கும் ஆசாரியிடம் சொல்லிக் கட்டை வைத்தேன். 29 இஞ்ச் மேஜை 36 ஆனது. முன்பு தரையில் விரித்து முட்டி போட்டு வெட்டியதையெல்லாம் நினைத்தால் இப்போது கோபம்தான் வருகிறது. எத்தனை தையல் கடைகளில் இன்னும் தரையில்தான் வெட்டுகிறார்கள்! நேரான முதுகுக்கும் அது ஆகாது.

தீபாவளி மாதம் மட்டும் எந்த ஏற்பாடும் செல்லாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, மெஷினை விட்டு எழவே முடியவில்லை. பாபின் தீர்ந்திருந்தது, நான் உட்கார்ந்தே இருந்தேன். பையனும் உதவிப் பெண்ணும் பிடித்துத் தூக்கினார்கள். தைக்காத பதினோரு ஜாக்கெட்டுகளைப் பக்கத்துத் தெரு டெய்லரிடம் கொடுத்தனுப்பினேன். அதில் மூன்று பேர் அதற்குப் பிறகு என்னிடம் திரும்பவில்லை. வலிகூடப் பழகிவிட்டது, அந்த மூன்று பேர் கடையைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது இன்னும் பழகவில்லை. கை உடைந்தால் கட்டு தெரியும். முந்தானைக்குள் இருக்கிற வளைவு யாருக்குத் தெரியும்?

40 வயதில் மறுபடி எக்ஸ்ரே. 41 டிகிரி. மூன்று கூடிவிட்டதென்று அழுதேன். டாக்டர் சிரித்தார். ஒரே எக்ஸ்ரேவை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும், இதைக் கூடியதாகவே எடுத்துக்கொள்ள முடியாது என்றார். 30-க்குக் கீழே இருந்தால் வயது வந்த பிறகு பெரும்பாலும் அப்படியே நிற்கும், 50-ஐத் தாண்டினால் வருஷத்துக்கு ஒரு டிகிரி போல ஏறலாம், நான் நடுவில். சரி, அளவு விஷயம் எனக்குத் தெரிந்ததுதானே. ஒரே பெண்ணுக்கு நானும் உதவிப் பெண்ணும் மார்பளவு எடுத்தால் அரை இஞ்ச் வித்தியாசம் வராமல் இருந்ததில்லை.

என் ஜாக்கெட்டுக்கு வருகிறேன். பட்டை வைத்துச் சமன் பண்ணுவதை விட்டுவிட்டு, இடது வலது தனித்தனியாக அளவெடுத்து, துணியை விரித்துப் போட்டு ஒற்றையாக வெட்டினேன். முதல் தடவை காகிதத்தைத் திருப்பிப் போட மறந்து, முன்பக்கம் இரண்டும் வலதாகவே வந்துவிட்டது, நல்ல பட்டு. இப்போது என் காகித அளவில் இடது, வலது என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். இடது தோள் இறக்கம், வலது முதுகில் ஒரு டாட் (மேட்டுக்குத் தகுந்தபடி பிடித்துத் தைக்கிற மடிப்பு) கூடுதல். போட்டுக்கொண்டால் எங்கும் இழுக்காது. என்னைப் பார்த்து "புது ஜாக்கெட்டாக்கா, என்னமா உட்கார்ந்திருக்கு" என்று கேட்டவர்கள் உண்டு.

ஒரு நாள் சடங்கு ஜாக்கெட்டுக்கு ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தாள். பன்னிரண்டு வயது. டேப்பை வைத்ததும் தெரிந்துவிட்டது. டாக்டர் என்னைச் செய்யச் சொன்னதுபோல், காலைச் சேர்த்து நின்று கையைத் தொங்கவிட்டுக் குனியச் சொன்னேன். இடது பக்கம் இடுப்புக்கு மேலே மேடு எழும்பியது. வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளை, இப்போதே காட்டினால் பெல்ட் மாதிரி ஒன்று போட்டு ஏறாமல் நிறுத்தப் பார்ப்பார்கள் என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். "உங்களுக்கு இருந்தா ஊர்ல எல்லாருக்கும் இருக்குமா?" என்று துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று இரவு எனக்கே சந்தேகம் வந்தது, தையல்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று.

ஏழு மாதம் கழித்து வந்தார்கள். பெண்ணின் உடம்பைச் சுற்றி அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டியான பிளாஸ்டிக் கூடு. ஒரு நாளைக்கு 18 மணி நேரம் போட வேண்டுமாம். அதற்கு மேலே போட லூசான யூனிஃபார்ம் வேண்டும் என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். யூனிஃபார்ம் கிடக்கட்டும், உள்ளே போடுகிற பனியன்தான் முக்கியம் என்று சொல்லி, மெல்லிய பருத்தியில், தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி நான்கு தைத்துக் கொடுத்தேன். உள்ளே ஒரு மடிப்பு இருந்தாலும் கூடு அழுத்தித் தோலைப் புண்ணாக்கிவிடும்.

அம்மா காசு எடுக்கப் பையைத் துழாவிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் பின்னால் வந்து, "அக்கா, உங்களுது தொட்டுப் பாக்கவா?" என்றாள். குனிந்து காட்டினேன். ஒரு விரலால் வலது மேட்டை மேலிருந்து கீழே வரைக்கும் தடவினாள்.

"என்னுது இதைவிடக் கம்மிதான்" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னாள்.