ஊர்க்காரர்களை வைத்துப் படம் எடுத்தோம், படுத்தியது நடிப்பு அல்ல

விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் எங்கள் படத்தை ஒருவழியாக எடுத்து முடித்துவிட்டோம். நடித்த எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள்தான், யாரும் அதற்கு முன் கேமராவுக்கு முன்னால் நின்றதில்லை. நடிக்க வைப்பதற்குள் உயிர் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். அப்படியெல்லாம் இல்லை, முதல் டேக்கில் அவர்கள் தருவது பொன். இரண்டாவது கேட்டால்தான் போச்சு. "இப்பத்தானே சொன்னேன் தம்பி, திரும்ப எதுக்கு?" என்று பெரியம்மா ஒருவர் கேட்டார், அதற்கப்புறம் அதே வசனம் மனப்பாடச் செய்யுள் மாதிரிதான் வந்தது. அன்றோடு வசனத் தாள் கொடுப்பதை நிறுத்தினோம். சூழ்நிலையை மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு கேமரா வைத்து, ஒத்திகையையே பதிவு செய்தோம்.

படுத்தியது அனுமதிதான். கதையில் 9 வயதுப் பையன் வருகிறான். 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும். எல்லாம் நியாயமான விதிகள். ஆனால் மனுவோடு போன இடத்தில் இருந்தவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. "பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு எடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பையனின் அப்பா அன்றைய கூலியை விட்டுவிட்டு எங்களோடு வந்திருந்தார், அதை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை. அப்புறம் விதிகளை அச்செடுத்து, உரிய வரிகளுக்கு அடியில் கோடு போட்டு, அவற்றின்படி நடப்போம் என்று தயாரிப்பாளர் எழுதித் தர வேண்டிய 'சி' படிவ உறுதிமொழியோடு நீட்டியதும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். நீங்களும் அச்செடுத்தே கொண்டு போங்கள், வாயால் சொன்னால் எடுபடாது.

அனுமதி கைக்கு வருவதற்குள் பங்குனி உத்திரம் வந்துவிட்டது. நாயகனாக நடித்த அண்ணன் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போய், நேர்த்திக்கடனுக்கு மொட்டை போட்டு வந்து நின்றார். பாதிப் படம் தலைமுடியோடு எடுத்தாயிற்று. சாமி காரியம், அவரை என்ன சொல்ல முடியும்? வெயிலில் நடக்கும் காட்சிகளுக்குத் தலையில் துண்டைக் கட்டிச் சமாளித்தோம், வீட்டுக்குள் நடப்பவற்றை முடி வளரும் வரை தள்ளிப்போட்டோம். தேதி குறிக்கும் முன்பே ஒவ்வொருவர் வீட்டிலும் கோயில், காதுகுத்து, சடங்கு எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பளத்தை அன்றன்று சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். நடித்தவர்கள் போகும் நூறு நாள் வேலையில் காலையிலும் மதியமும் ஆள் நிற்கிற படம் எடுத்து வருகையைப் பதிந்தார்கள். நடுவில் அரைமணி நேரம் கூப்பிட்டாலும் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும், அதனால் முழு நாளுக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்தோம்.

ஒன்று மட்டும் கச்சிதமாக அமைந்தது. இவர்களால் உதட்டைப் பார்த்து டப்பிங் பேச முடியாது என்று தெரிந்ததால், ஷாட் முடிந்த கையோடு அதே இடத்தில் உட்கார வைத்து, கேமரா இல்லாமல் குரலை மட்டும் மறுபடி பேச வைத்துப் பதிந்தோம். கோயில் ஒலிபெருக்கி கெடுத்த இடங்களையெல்லாம் அதை வைத்தே சரிசெய்தாயிற்று. ஒருவரைக்கூட சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டி வரவில்லை.