சுனைக்குள் இருப்பவர்

பிப்ரவரி 9

அம்மாவின் காய்ச்சல், பன்னிரண்டாம் நாள். இன்றும் 102.

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் மாலையில்தான் என்பதால், காலையில் பேருந்து பிடித்து நார்த்தாமலைக்குப் போய்வந்தேன். முத்துமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு உடனே திரும்பிவிடச் சொல்லித்தான் சித்தி அனுப்பினார். அம்மனைக் கும்பிட்டு மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டேன். ஆனால் திரும்பவில்லை, மேலமலை ஏறினேன். வழியில் பாறைச் சரிவில் தலையருவிச் சிங்கச் சுனை இருக்கிறது. அதன் நீருக்கடியில் குடைந்த சிறு கோயிலில் ஜுரஹரேஸ்வரர், அதாவது காய்ச்சலைத் தீர்க்கும் சிவன், லிங்கமாக இருக்கிறார். 1857இல் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் அரசி நீரை இறைக்கச் செய்து அவரை வழிபட்டதாகக் கல்வெட்டு உண்டு. நான் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். பாசி படர்ந்த பச்சை நீரில் ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியோடு மிதந்தது.

பிப்ரவரி 11

99.4. யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

பிப்ரவரி 13

அம்மா தூங்கும்போதெல்லாம் மலையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விஜயாலய சோழீசுவரம் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கோயிலை எடுத்தவர், அங்குள்ள கல்வெட்டின்படி, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர், முத்தரையர் குலச் சிற்றரசர். அது மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் திரும்பப் புதுப்பித்திருக்கிறார். முத்தரையர் கட்டி, இடிந்து, மீண்டும் எழுப்பிய ஒன்றைச் சோழன் பெயரால் அழைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. மேற்கு பார்த்த வாசலில் கால் மாற்றி நிற்கும் துவாரபாலகர்களைத் தாண்டிக் கம்பிக் கதவு வழியே பார்த்தால், வெளியே சதுரமாக இருந்த கட்டடம் உள்ளே வட்டமான கருவறையாகிவிடுகிறது. மூலையே இல்லாத அறை. நோயாளியைக் கிடத்த அப்படி ஓர் அறை நல்லது என்று ஏனோ தோன்றியது. சுற்றிலும் ஆறு சிறு கோயில்கள் நிற்கின்றன. இரண்டு அழிந்துவிட்டன.

பிப்ரவரி 14

மறுபடி 103. மருந்தை மாற்றியிருக்கிறார்கள், காரணம் கேட்டால், பார்க்கலாம் என்கிறார்கள்.

கோயிலுக்கு எதிரே இரண்டு குடைவரைகள். சமணர் குடகு என்ற குடைவரையில் திருமால் பன்னிரண்டு முறை நிற்கிறார், ஒரே உயரம், ஒரே தோற்றம். சமணக் குகையாக இருந்து பிறகு விண்ணகரம், அதாவது திருமால் கோயில், ஆனது. முன்மண்டபம் போய்விட, யானையும் யாளியும் வரிசையாகச் செதுக்கிய அடித்தளம் மட்டும் வெயிலில் கிடக்கிறது. அடுத்த குடைவரை பழியிலி ஈசுவரம். விடேல்விடுகு முத்தரையனின் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது. பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டு. அதற்கு மண்டபமும் பலிபீடமும் இடபமும் செய்துகொடுத்தவள் பழியிலியின் மகள் சிறிய நங்கை. தகப்பன் குடைந்த மலைக்கு மகள் ஒரு காளையைச் சேர்த்திருக்கிறாள். நான் ஆரஞ்சுச் சாறும் ஒரு போர்வையும் கொண்டுபோயிருக்கிறேன்.

பிப்ரவரி 15

அம்மா கேட்டார்: "சுனையில தண்ணி இருந்துச்சா?" நான் சுனையைப் பற்றி அவரிடம் சொன்னதாகவே நினைவில்லை.

பிப்ரவரி 17

மீண்டும் போனேன், இம்முறை சித்தியிடம் சொல்லாமல். நீர் இறங்கியிருக்கிறது, விளிம்புப் பாறையில் நான்கு விரல் அகலத்துக்குப் புதிதாக ஒரு வெள்ளைக்கோடு விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே பாறை இன்னும் கறுப்பாக, தொட்டால் வழுக்கியது. அந்த அரசிக்காக எத்தனை பேர் எத்தனை நாள் இறைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஆடு ஓட்டிவந்த பெரியவரிடம், சித்திரை வெயிலிலாவது லிங்கம் தெரியுமா என்று கேட்டேன். "நான் பார்த்ததில்லம்மா" என்றவர், கொஞ்சம் நின்று, "ஆனா இருக்கு" என்றார். பாட்டில் இப்போது கரையோரம் ஒதுங்கியிருந்தது. எட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாலையில் 100.2.