முள் ஏன் இறங்கியது?

எங்கள் வீட்டிலேயே குளிரான இடம் கூடம்தான். வெளிச்சுவர் ஓரமாக ஓர் எரிவாயுக் கணப்பு வைத்துவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். கண்ணாடிக்குப் பின்னால் பீங்கான் கட்டைகள் இருக்கும். பொத்தானைத் தட்டினால் தீ எரியும். சாம்பல் அள்ள வேண்டாம். என் கணக்கில் இது ஒரு நாள் வேலை. முடிக்க ஏழு வாரம் ஆனது.

முதலில் வந்தவர் நண்பர் அனுப்பிய ஆள். நண்பர் வீட்டில் குழாய், கழிப்பறை, வெந்நீர்க் கொதிகலன் எல்லாம் அவர் கை பட்டவைதான். பேச்சும் இனிமை. அடுப்புக்குப் பின்னால் போகும் கேஸ் குழாயை விரலால் தட்டிப் பார்த்து, "இதிலிருந்தே ஒரு கிளை எடுத்துவிடலாம், அரை நாள் போதும்" என்றார். உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்று அட்டையையே நீட்டினார். அனுமதி வாங்க வேண்டாமா என்றதற்கு மட்டும், "இந்தச் சின்ன வேலைக்கா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இரவு உட்கார்ந்து, உரிமம் வழங்கும் வாரியத்தின் பதிவேட்டில் அட்டை எண்ணைத் தேடினேன். உரிமம் உண்மையானது, காலாவதியாகவும் இல்லை. ஆனால் தண்ணீர், கழிவுநீர் வேலைகளுக்கு மட்டும்; எரிவாயு அதில் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார். எதற்கான உரிமம் என்று நான்தான் கேட்கவில்லை.

அடுத்து, கணப்பை விற்கும் கடையின் ஆட்கள். பெட்டியைப் பொருத்துவதும் புகைக்குழாய் வைப்பதும் எங்கள் பொறுப்பு, வால்வு வரை கேஸைக் கொண்டுவருவது உங்கள் பாடு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இவை இரண்டு தனித்தனித் தொழில்கள் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாவதாக வந்தவர் ஓர் அம்மாள். எரிவாயு வேலைக்கென்றே உரிமம் பெற்றவர்; வருவதற்கு முன்பே எண்ணையும் காப்பீட்டு விவரத்தையும் அனுப்பியிருந்தார். கணப்பு வரும் இடத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மீட்டரிடம் போனார். அங்கிருந்து குழாய் போகும் வழியெல்லாம் நாடா பிடித்து அளந்தார். வெந்நீர்க் கொதிகலன், வீட்டைச் சூடாக்கும் உலை, அடுப்பு என்று ஒவ்வொன்றின் தகட்டிலும் எழுதியிருந்த பிடியு (BTU, வெப்பத்தை அளக்கும் அலகு) அளவைத் தரையில் மண்டியிட்டுப் படித்துக் குறித்துக்கொண்டார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஒரே குழாயில் நான்கு வீட்டுக்குத் தண்ணீர் விட்டால் கடைசி வீட்டில் சொட்டும், இல்லையா? அதே கதைதான். குழாய் நீள நீள, விட்டம் குறையக் குறைய, அது தரக்கூடிய கேஸும் குறையும். கடுங்குளிரில் எல்லாம் சேர்ந்து எரியும்போது உங்கள் கொதிகலனுக்கு மூச்சு முட்டும்." அடுப்புக் கிளையைத் தொடக்கூடாது, மீட்டருக்கு அருகிலிருந்தே பெரிய விட்டத்தில் தனிக்குழாய் இழுக்க வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அவர் சொன்ன தொகை முதல் ஆள் கேட்டதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அனுமதிக் கட்டணம், அழுத்தச் சோதனை, ஆய்வாளர் வருகை எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தார். மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "இவரையே வைத்துக்கொள்வோம்" என்றாள். எனக்குச் சம்மதிக்க இரண்டு நாள் ஆனது.

போகிற போக்கில் அவர் கேட்ட ஒரு கேள்வி எங்களைக் காப்பாற்றியது: "பெட்டி எந்த வாயுவுக்கானது?" தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது புரொப்பேனுக்கானது. எங்கள் வீட்டுக்குக் குழாயில் வருவதோ இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். ஒரே கனஅளவில் புரொப்பேன் தரும் வெப்பம் அதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதனால் வாயு வெளிவரும் துளையின் அளவே வேறு. தயாரிப்பாளர் தரும் மாற்றுப் பாகங்களைத் தகுதியுள்ளவர் பொருத்தினாலொழிய அந்தப் பெட்டி எங்களுக்கு ஆகாது. தள்ளுபடியை மறந்தேன்.

புதுக் குழாய் இழுத்து முடிந்ததும் சோதனை. மீட்டர் பக்கம் அடைத்து, சாதனங்களைக் கழற்றி, குழாய்க்குள் வெறும் காற்றை அடைத்து அழுத்தமானியை மாட்டினார். புதுக் குழாயைத் தனியாகச் சோதித்தபோது முள் அசையவில்லை. பிறகு பழையதையும் சேர்த்தார். பத்து நிமிடம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். முள் ஒரு மயிரிழை கீழே இருப்பதாகத் தோன்றியது. என் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். அரை மணியில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இறங்கியிருந்தது.

கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் கையில் தூரிகையுமாக ஒவ்வோர் இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தார். அடுப்புக்குப் பின்னால், குழாய் வளையும் முழங்கை இணைப்பில் நின்றார். "இங்கே வாருங்கள்." டார்ச் வெளிச்சத்தில் கடுகளவு குமிழ் ஒன்று. மிளகளவு ஆயிற்று. உடைந்தது. அதே இடத்தில் இன்னொரு கடுகு. கழற்றிப் பார்த்தால், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை டேப்பை யாரோ எப்போதோ சுற்றியிருந்தார்கள். முதல் ஆள் தட்டிப் பார்த்து, இதிலிருந்தே கிளை எடுக்கலாம் என்றாரே, அதே குழாய்.

அடுப்பறையில் அவ்வப்போது லேசான நாற்றம் வந்ததுண்டு என்று மனைவி மெல்லச் சொன்னாள். நாங்கள் குப்பைக்கூடையைத்தான் சந்தேகப்பட்டோம். இயற்கை எரிவாயுவுக்குத் தானாக வாசனை கிடையாது; கசிவு தெரியட்டும் என்றே மெர்காப்டான் வகை நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். "ஆனால் அலாரம் இருக்கிறதே" என்றேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது கார்பன் மோனாக்சைடுக்கு. கேஸ் கசிந்தால் அது வாயே திறக்காது. இனி நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் எல்லோரும் வெளியே போங்கள். வெளியே நின்று போன் செய்யுங்கள்." பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கியது போல இருந்தது.

ஆய்வாளர் வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை சுவர் திறந்தபடிதான். அவர் பார்க்காமல் மூடக்கூடாது. வந்தார், முள்ளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார்.

கடை ஆட்களோடுதான் கடைசிச் சண்டை. இது மூடிய பெட்டிக் கணப்பு. வெளியிலிருந்து காற்றை இழுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் இரட்டைக் குழாய் வழியே புகையை வெளியே தள்ளும். அந்தக் குழாயின் வாயைப் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். பெட்டியோடு வந்த கையேட்டில் இடைவெளி தெளிவாக அச்சிட்டிருக்கிறது. "இதை நகர்த்தாமல் நான் கேஸைத் திறக்க மாட்டேன்" என்று அந்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முனகிக்கொண்டே நகர்த்தினார்கள்.

திறந்ததும் பைலட் சுடர், அதாவது பெரிய தீயைப் பற்றவைக்கும் சின்னச் சுடர், பற்றவில்லை. புதுக் குழாயில் மிச்சமிருந்த காற்று போகட்டும் என்று குமிழை அழுத்தியபடி பொறுமையாகக் காத்திருந்தார். பற்றிக்கொண்ட நீலச் சுடர் பக்கத்து உலோக முனையைச் சூடாக்கி, கொஞ்சம் மின்சாரம் உண்டாக்கி, வால்வைத் திறந்தே வைத்திருக்கும். சுடர் அணைந்தால் வால்வும் மூடிக்கொள்ளும் என்று விளக்கினார். பிறகு கணப்புக்குப் பக்கத்து அடைப்பானைக் காட்டினார். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். எங்கள் இருவரையும் ஒவ்வொருவராக மூடித் திறந்து, பைலட்டைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னார். எனக்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. மனைவி முதல் முறையிலேயே ஏற்றிவிட்டாள்.